மட்டாஞ்சேரியில் ஊர்கிற லாரி நம் ஊரில் ஏன் பறக்கிறது?

காலை எட்டரை மணிக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஓரமாக நின்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வத்தல் மூட்டை ஏற்றிய தமிழ்நாட்டு லாரி ஒன்று வருகிறது. நம்பரில் 76 என்று இருந்தால் தென்காசி வண்டி என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு கை வண்டி. கை வண்டிக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் நடக்கிற வேகத்தில் கை வண்டி, கை வண்டி போகிற வேகத்தில் லாரி. பத்து டன் இரும்பும் சரக்கும் இரண்டு சிறுமிகளுக்குப் பின்னால் சாதுவாக ஊர்ந்து போகிறது.

அதே லாரி முந்தின நாள் இரவு எங்கள் ஊரைத் தாண்டித்தான் வந்திருக்கும். கொல்லம் – திருமங்கலம் ரோட்டில், தென்காசிக்கு வடக்கே இருக்கிறது எங்கள் ஊர். ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று வருகிற அந்தப் பாதையை நம்மில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவோம். தேசிய நெடுஞ்சாலை 744 என்பது அதன் இன்றைய எண். 208 என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். அங்கே என் பெரியம்மா ரோட்டைத் தாண்டி ரேஷன் கடைக்குப் போவதற்கு, ஓரத்தில் நின்று, முந்தானையைச் செருகி, வலமும் இடமும் பத்துத் தடவை பார்த்து, பிறகு ஓட வேண்டியிருந்தது. எழுபது வயதுக்காரி ஓடினாள். இருந்தது, ஓடினாள் என்று இறந்த காலத்தில் எழுதுகிறேனே, அதற்குக் காரணம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

ஒரே டிரைவர், ஒரே வண்டி. இங்கே ஆமை, அங்கே குதிரை. ஏன்?

பண்டகசாலை ஓரத்து டீக்கடையில் இதைக் கேட்டேன். மூட்டை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர், நம்ம பக்கத்துக்காரர்தான், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அவன் ரோட்டைப் பாத்துல்லா ஓட்டுதான். போர்டைப் பாத்தா ஓட்டுதான்?”

இஞ்சினீயர்கள் ஐம்பது வருஷமாக ஆராய்ந்து கண்ட முடிவும் ஏறக்குறைய இதுதான்.

படகுக்காகப் போட்ட தெரு

பஜார் ரோடு மோட்டாருக்காகப் பிறந்ததல்ல. மிளகும் சுக்கும் அரிசியும் காயல் வழியாக வள்ளத்தில் வந்து இறங்கிய காலத்தில், பண்டகசாலைகளின் முதுகு தண்ணீரைப் பார்த்தும் முகம் தெருவைப் பார்த்தும் கட்டப்பட்டன. பெரிய போக்குவரத்து பின்பக்கத்துத் தண்ணீரில் நடந்தது. முன்பக்கத் தெரு ஆளும் தள்ளுவண்டியும் போக இருந்தால் போதும். பிறகு வில்லிங்டன் தீவில் துறைமுகம் வந்தது, பாலங்கள் வந்தன, 2011-ல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. தெரு மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓட்டுக் கூரை, மூட்டை இறக்குகிற லாரி, குறுக்கே படுத்திருக்கிற ஆடு. மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு இருக்கிற தைரியம் வேறெந்த ஊர் ஆட்டுக்கும் கிடையாது.

அந்தத் தெருவில் வேகத்தடை எதற்கு? கண்ணுக்கு எதிரே ஐம்பது அடிக்கு மேல் வெட்டவெளி தெரியாதபோது டிரைவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது.

இதற்காகப் பஜார் ரோட்டை யாரும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் திணறுவதும், தீயணைப்பு வண்டி வந்தால் என்னாகும் என்று கடைக்காரர்கள் பயப்படுவதும் நமக்குத் தெரியும். ஆனால் அங்கே நடந்து போகிறவன் தலைநிமிர்ந்து நடக்கிறான் என்பதும் கண்கூடு.

ஒரு நிமிஷத்தின் விலை

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம்மில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் அதிகம், சரிபார்த்துக்கொள்ளலாம்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு விநாடிக்கு எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடும். குழந்தை குறுக்கே வந்ததைக் கண்டு டிரைவர் பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் எட்டு மீட்டர் போய்விடும். பிறகு நிற்க இன்னும் ஐந்து மீட்டர். ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கால் பிரேக்கில் படுவதற்குள்ளேயே 14 மீட்டர் ஓடியிருக்கும். முன்னவன் நின்றுவிட்ட இடத்தைப் பின்னவன் முழு வேகத்தில் தாண்டுகிறான். அவன் நிற்க மொத்தம் 28 மீட்டர் வேண்டும். நல்ல டயர், உலர்ந்த ரோடு, காலியான கார் ஆகியவற்றுக்குச் சொன்ன கணக்கு இது. லோடு லாரிக்கும் மழை ரோட்டுக்கும் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போவதால் டிரைவருக்கு என்ன நஷ்டம்? எங்கள் ஊர் ரோட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர் நீளம். அறுபதில் போனால் ஒரு நிமிஷம். முப்பதில் போனால் இரண்டு நிமிஷம். வித்தியாசம் ஒரே ஒரு நிமிஷம். புளியரைச் சோதனைச் சாவடியில் காத்துக் கிடப்பதற்கு முன்னால் இது எந்த மூலைக்கு?

டிரைவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்களும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்களே. ஒரு மணி நேரம் எழுபதில் ஓட்டி வந்தவனுக்கு நாற்பது என்பது வண்டி நின்றுவிட்டது போலத் தோன்றும். அவன் மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே ஐம்பதில் ஊருக்குள் நுழைகிறான். வயல் முடிந்து வீடு தொடங்கியதைக் கண் சொல்கிறது. ரோடு மட்டும் அதே அகலம், அதே கறுப்பு, அதே வெள்ளைக் கோடு. ரோடு ‘போ போ’ என்கிறது, பலகை ‘மெதுவாக’ என்கிறது. யார் பேச்சு எடுபடும்?

நாங்கள் போட்ட தடை

முன்பு எங்கள் ஊர் எல்லையில் இரண்டு பக்கமும் புளிய மரங்கள் இருந்தன. கிளைகள் மேலே கூடி நிழல் விழும். அந்த நிழலுக்குள் நுழையும்போதே பஸ் டிரைவர் கியரை மாற்றுவார். ரோட்டை அகலப்படுத்தியபோது மரங்கள் போயின. அகலமான ரோடு வந்தது என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். நானே இங்கிருந்து போனபோது, பஸ் சீக்கிரம் வந்து சேர்ந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு அடுத்த தெருப் பையன் ஒருவன், ஆறாம் வகுப்பு படித்தவன், பள்ளிக்கூடம் விட்டு ரோட்டைத் தாண்டும்போது போய்விட்டான். அன்று சாயங்காலம் மறியல். மறுநாள் அதிகாரிகள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஊர் இளைஞர்கள் ஒரு லோடு ஜல்லியும் தாரும் பிடித்து, தாங்களே குறுக்கே ஒரு மேடு போட்டார்கள். ஒரு அடி அகலம், முழங்காலில் பாதி உயரம். பெயிண்டு இல்லை, பலகை இல்லை. நான் கொச்சியிலிருந்து இருநூறு ரூபாய் அனுப்பினேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாலு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில், என் பெரியம்மா பேரனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழக்கமாகப் பெண்கள் உட்காருகிற மாதிரி ஒரு பக்கமாக. இருட்டில் மேடு தெரியவில்லை. பேரனுக்குச் சிராய்ப்பு. பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு அவள் ரோட்டைத் தாண்டவேயில்லை. திண்ணையோடு சரி.

பையனைக் கொன்றது வேகம். பெரியம்மாவை விழத் தட்டியது நாங்கள் போட்ட தடை.

நாங்கள் மட்டும் அல்ல. வேகத்தடைகளில் விழுந்து சாகிறவர்கள் நாடு முழுவதும் சராசரியாக நாளுக்கு ஒன்பது பேர் என்று 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கே காட்டியது. சில நாட்களில் எங்கள் மேட்டையும் பெயர்த்துவிட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது விதி. 2016-ல் இருந்தவற்றையும் அகற்றச் சொல்லி உத்தரவு போனது. மேடு போயிற்று. வேகம் திரும்பி வந்தது.

பன்னிரண்டு அடி, நாலு அங்குலம்

கேரளத்தில் ஹம்ப் என்கிறார்கள், நாம் ஸ்பீடு பிரேக்கர் என்கிறோம். அதற்கு ஓர் அளவு உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. கொத்தனார் திண்ணை கட்டுவதற்குக்கூட நூல் பிடிக்கிறார். இதற்கு யாரும் பிடிப்பதில்லை.

1970-களில் இங்கிலாந்தின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் பலவகை மேடுகளில் வண்டிகளை ஓட்டிப் பார்த்தார். குறுகலான, செங்குத்தான மேட்டில் ஒரு விசித்திரம் கண்டார். மெதுவாகப் போகிறவனுக்கு அடி பலமாக விழுகிறது. வேகமாகப் போகிற காருக்கோ சக்கரம் மட்டும் துள்ளி இறங்கிவிடுகிறது, ஸ்பிரிங்குகள் அடியை வாங்கிக்கொள்கின்றன. அதாவது ஒழுங்கானவனுக்குத் தண்டனை, ஓடுகிறவனுக்குத் தள்ளுபடி! அகலமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிற மேடு என்றால் வண்டியே மேலே தூக்கப்படுகிறது. வேகம் கூடக் கூட அசௌகரியமும் கூடுகிறது.

நமது இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட விதியும் இந்த அளவைத்தான் சொல்கிறது. அகலம் 3.7 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர், நாலு அங்குலம். இதன் மேல் 25 கிலோமீட்டர் வேகத்தில் கார் சிரமமில்லாமல் போகலாம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். சிறு ரோடுகளிலும், பெரிய ரோட்டில் வந்து சேரும் கிளை ரோடுகளிலும், பள்ளிக்கூடத் தெருக்களிலும் போடலாம். நம் ஊர்ப்பக்கம் அரை மைலுக்கு ஒன்றாக இருக்கிறவற்றில் எத்தனை இந்த அளவுக்குப் பொருந்தும்? அடுத்த முறை போகும்போது ஒரு டேப் எடுத்துப் போய்ப் பாருங்கள்.

சரி, பெரிய ரோட்டில் மேடு போடக் கூடாது என்றால் வேறு என்ன வழி? காமிரா என்பார்கள். கேரளத்தில் 2023 ஜூன் 5-ந் தேதி முதல் 726 காமிராக்கள் அபராதம் போடத் தொடங்கின. நமது ஆட்களில் சிலர் ஹெல்மெட் இல்லாமல் போய்ச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்த 726-ல் வேகத்தைப் பிடிப்பதற்கென்று வைத்தவை எட்டே எட்டுதான். ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும்தான் பெரும்பாலானவற்றின் வேலை. ஊருக்கு ஒரு காமிரா என்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

ஒல்லாந்தர் ஊரில்

மட்டாஞ்சேரியில் நாம் டச்சு அரண்மனை என்கிற கட்டடம் ஒல்லாந்தர் கட்டியதல்ல. போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது. 1663-ல் கொச்சியைப் பிடித்த ஒல்லாந்தர் அதைப் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. ஃபோர்ட் கொச்சி வெளியில் துணி வெளுக்கிற நம் தமிழ்க் குடும்பங்களின் முன்னோரை, படைவீரர்களின் உடுப்பு வெளுக்க இங்கே கொண்டுவந்தவர்களும் அவர்களே என்பார்கள். அந்த ஒல்லாந்தர் நாட்டில்தான் நம் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது.

டெல்ஃப்ட் என்பது அங்கே ஒரு நகரம். யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்கு அந்தப் பெயரைத்தான் சூட்டினார்கள். 1960-களின் கடைசியில், அந்த நகரத்தில் சில குடியிருப்புத் தெருக்களின் உருவத்தையே மாற்றினார்கள். நேரான தெருவை வளைத்து, நடுவில் மரம் வைத்து, பெஞ்சு போட்டு, வண்டி நடைவேகத்தில் மட்டும் போகும்படி செய்தார்கள். 1976-ல் அரசாங்கமே அதற்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. அங்கே தெரு நடக்கிறவனுக்கும் விளையாடுகிற பிள்ளைக்கும் சொந்தம், வண்டி விருந்தாளி. நம் பஜார் ரோடு யாரும் திட்டமிடாமல் செய்கிற காரியத்தை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நமக்கு வேண்டியது நகரத் தெருவல்ல, கிராமத்து நடுவே போகிற பெரிய ரோடு. அதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் ஔடஹாஸ்க என்று ஒரு கிராமம். ஊர் நடுவே ரோடு. வண்டியில் அடிபட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். 1980-களின் நடுவில் ஹான்ஸ் மாண்டர்மன் என்ற போக்குவரத்து இஞ்சினீயர் அங்கே அனுப்பப்பட்டார். அவர் புதிதாக ஒரு பலகை நடவில்லை, ஒரு மேடு போடவில்லை. ரோட்டைப் பெரிய ரோடு போலக் காட்டிய அடையாளங்களை எடுத்துவிட்டு, ஊருக்குள் மட்டும் அதைக் கிராமத் தெரு போலத் தோன்றும்படி மாற்றினார். வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2008-ல் இறக்கும்வரை அவர் இதையே பல ஊர்களில் செய்தார்.

அப்படியே எடுத்து நம் ஊரில் வைத்தால் நடக்குமா? நடக்காது என்றே நினைக்கிறேன். அங்கே மணிக்கு நாலு கார், நமக்கு நிமிஷத்துக்கு நாலு லாரி. ஆனால் அவர் பிடித்த நுனி சரியானது. ‘இங்கே ஊர் தொடங்குகிறது’ என்று ரோடே சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் கேரளத்தைவிட நமக்கு வசதி அதிகம். இங்கே எர்ணாகுளத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் வீடுகள் முடிவதில்லை. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். 45 மீட்டர் அகலத்தில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐ விரித்தபோது, ரோட்டுக்கு அடியில் வழி கேட்டு ஊருக்கு ஊர் போராட்டம் நடந்ததற்கும் இதுவே காரணம். நமக்கு வயல் முடிகிறது, எல்லையில் ஐயனாரோ கருப்பசாமியோ நிற்கிறார், பிறகு ஊர். எல்லைச் சாமி கோயில் வந்தால் இன்றும் எத்தனையோ டிரைவர்கள் வேகத்தைக் குறைத்து ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வேகத்தைக் குறைக்கச் சரியான இடத்தைப் பெரியவர்கள் என்றோ அடையாளம் வைத்துவிட்டார்கள்! அந்த இடத்தில் இரண்டு பக்கமும் மரமோ தூணோ வைத்து வாசல் போல ஆக்கி, ரோட்டுக் கோட்டைக் குறுக்கி, அதற்கு முன்னால் கடகடவென்று சத்தம் போடுகிற வெள்ளைப் பட்டைகள் அடிக்கலாம். பட்டைகளைத் தேசிய நெடுஞ்சாலையிலும் போடுகிறார்கள். ஆனால் வீட்டு வாசலில் அடித்தால் ராத்திரி தூக்கம் போகும். ஊருக்கு வெளியே அடிக்கச் சொல்ல வேண்டும்.

போலீசார் வளைந்து போகும்படி இரும்புத் தடுப்புகளை நிறுத்துகிறார்களே, ஜவுளிக்கடை விளம்பரத்தோடு, அதுவும் நல்ல யோசனையே. ஒளிரும் பட்டை ஒட்டாமல் இருட்டில் நிறுத்தினால் மட்டும் அது எங்கள் ஊர் மேட்டுக்கு அண்ணன்.

மனு எங்கே போக வேண்டும்?

முதலில் ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. தப்பான ஆபீசுக்குக் கொடுத்த மனு எத்தனை மாதம் மேஜையில் தூங்கும் என்பதை, ஆபீசில் வேலை பார்க்கிற வாசகர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். எந்த ரோடானாலும் ஒரு நகல் கலெக்டருக்குப் போகட்டும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர். திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது.

தனி மனுவைவிடக் கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. பொங்கலுக்கு வந்தவர்கள் ஜனவரி 26 வரை தங்க முடிவதில்லை என்பது உண்மை. ஆனால் இங்கிருந்தே ஒரு மனு எழுதி, எந்த இடத்தில் பள்ளிக்கூடம், எந்த இடத்தில் ரேஷன் கடை, எங்கே ஆட்கள் தாண்டுகிறார்கள் என்று படம் போட்டு அனுப்பலாம். ‘வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ‘விதியில் இடமில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். ஊர் எல்லையில் வாசல், சத்தப் பட்டை, தாண்டுகிற இடத்தில் விளக்கு, ரோட்டுக்கு நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு என்று பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். கிளை ரோடு வந்து சேருகிற இடத்தில் மட்டும் மேடு கேளுங்கள், பன்னிரண்டு அடி, நாலு அங்குலம் என்று அளவோடு.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டாஞ்சேரியில் பதினோரு பேர் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மனு எழுதினோம். மூட்டை தூக்குகிற அண்ணாச்சி எங்கள் ஊர் இல்லை, ஆனாலும் அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த ரோட்டில்தான் அவர் ஊருக்கும் போக வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு மனுவை நான் எடுத்துப் போவதாக ஏற்பாடு. அன்று விடுமுறை. திரும்பி வர 3-ந் தேதி ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மானேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.